கார் கதவுக்கு மூன்று ஸ்பீக்கர் ரிங்: மழை, வெயில், சப்பாத்தி மாவு

என் காரின் முன்கதவு இரண்டையும் ஒரே வருஷத்தில் ஐந்து தடவை பிரித்திருக்கிறோம். இதை எழுதுவதற்காகவே போன வாரம் ஆறாவது தடவை. எந்த கிளிப் எந்த ஓட்டைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இத்தனைக்கும் நான் வண்டி வேலை தெரிந்தவள் இல்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலையில் கொரட்டூரில் கிளம்பினால் பாடி, திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி என்று ஊர்ந்து போய்ச் சேர ஒரு மணி நேரம்; சாயங்காலம் திரும்ப ஒன்றேகால் மணி நேரம். அவ்வளவு நேரமும் துணைக்குப் பாட்டுதான். அதனால் ஸ்பீக்கர் மாற்றும் ஆசை வந்தது. அதிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்த ரிங் புராணம்.

கடைகளில் ரிங் என்று சொல்வது ஸ்பேசரைத்தான். ஸ்பீக்கருக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவில் வைக்கிற வட்ட வளையம். பார்க்க வடைச் சட்டிக்குப் பிரிமணை மாதிரி இருக்கும். ஸ்பீக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள்கூட இதற்கு நூறு ரூபாய் கொடுக்க யோசிப்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), 3டி பிரிண்ட் (பிளாஸ்டிக்கில் மெஷின் அச்சடிப்பது), எச்.டி.பி.இ. (ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) என்று மூன்று விதமான ரிங்கைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. முதல் இரண்டும் குப்பைக்குப் போய்விட்டன.

வண்டி 2015 மாடல், கறுப்பு நிற ஹேட்ச்பேக். பெயர் சொன்னால் "என் வண்டியில் அப்படி இல்லையே" என்று நாலு பேர் வருவீர்கள். அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும், அதனால் பெயர் வேண்டாம். ஸ்பீக்கர் ஆறரை இன்ச் கோஆக்சியல், எல்லாக் கடையிலும் தொங்குகிற நடுத்தர விலை ரகம். இன்று வரை அதே ஸ்பீக்கர்தான். ஒரு வருஷம் நான் அதைத் திட்டாத திட்டு இல்லை. பாவம், அது ஒன்றும் செய்யவில்லை.

முதல் தடவை 2023 ஜூலையில். வீட்டுப் பக்கத்திலேயே ஒரு ஆக்சஸரீஸ் கடை. உள்ளே போனதும் "சார் வரலையா மேடம்?" என்றார்கள். சார் வீட்டில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். கடைப் பையன்கள் டோர் பேடை, அதாவது கதவின் உட்பக்க மூடியைக் கழற்றி, பழைய ஸ்பீக்கரை எடுத்துவிட்டு, புதியதைத் தகரத்தின் மேல் நேராக வைத்து நாலு ஸ்க்ரூ முறுக்கினார்கள். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. "பழசைக் குடுத்துட்டா நூறு ரூபா கழிச்சுக்கறோம் மேடம்." எங்கள் வீட்டில் எதையும் அவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிற வழக்கம் இல்லை. பையில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். பின்னால் அந்தப் பழசுதான் எனக்குப் பாடம் நடத்தியது.

மறுநாள் காலை பாடி சிக்னலில் பூ வாங்கக் கண்ணாடியை இறக்கினேன். பாதி தாண்டியதும் 'டக்'. அதற்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. பூக்காரம்மா எக்கி மேல்வழியாக முழம் மல்லிகையை நீட்டி, "மாட்டிக்கிச்சா கண்ணு?" என்றார்.

விஷயம் இதுதான். கண்ணாடி கதவுக்குள் இறங்குகிற பாதையும், ஸ்பீக்கரின் மேக்னட் பின்னால் துருத்திக்கொண்டு நிற்கிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கம்பெனியிலிருந்து வருகிற ஸ்பீக்கருக்கு மேக்னட் சின்னது. அதோடு அதன் பிளாஸ்டிக் சட்டத்தையே உயரமாக வார்த்துவிடுவார்கள். ஸ்பேசர் அதோடு ஒட்டிப் பிறந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழசைக் கழற்றினால் அந்த உயரமும் சேர்ந்து போய்விடுகிறது. புதியதோ தட்டையான இரும்புச் சட்டம், பெரிய மேக்னட். நேராகத் தகரத்தில் வைத்தால் கண்ணாடியில் போய் முட்டாமல் என்ன செய்யும்?

திரும்பப் போனேன். "ரிங் போட்டா சரியாயிடும் மேடம்" என்று எம்.டி.எஃப். வளையம் ஒரு ஜோடி எடுத்தார்கள். 400 ரூபாய். "இதை முதல்லயே போட்டிருக்கலாமே?" "எல்லா வண்டிக்கும் தேவைப்படாது மேடம்." அது உண்மைதான். ஆனால் எந்த வண்டிக்குத் தேவை என்று பார்க்க ஒரு ஸ்கேலாவது வேண்டுமே, அந்தக் கடையில் யார் கையிலும் நான் ஸ்கேலைப் பார்க்கவில்லை.

எம்.டி.எஃப். போட்டதும் கண்ணாடி முழுக்க இறங்கியது. பாட்டும் கொஞ்சம் தேவலை. ஆனால் பேஸ் கிடார் கீழ்ச் சுரத்துக்கு வரும்போதெல்லாம் வலது கதவில் 'சர்ர்' என்று ஒரு ஓசை. காய்ந்த பனையோலை காற்றில் உரசுகிற மாதிரி. கடையில் கேட்டால் "பேஸைக் குறைச்சு வையுங்க" என்றார்கள். குறைத்து வைப்பதற்கா புது ஸ்பீக்கர் போட்டேன்? சரி, ஸ்பீக்கரே மட்டம் போல என்று முடிவுகட்டி மூன்று நாலு மாதம் அப்படியே ஓட்டினேன்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் பக்கம் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வண்டியை முன்கூட்டியே மேட்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தோம், தெருவெள்ளம் அதைத் தொடவில்லை. ஆனாலும் ஒரு வாரம் கழித்து இரண்டு கதவிலும் ஸ்பீக்கர் கரகரவென்று இருமியது. கால்மிதியில் ஈர வாடை.

கார் கதவுக்குள் தண்ணீர் வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அது ரிப்பேர் இல்லை, கதவின் அமைப்பே அப்படி. கண்ணாடி ஓரத்து ரப்பரைத் தாண்டி மழை உள்ளே வழியும். கதவின் அடியில் இருக்கிற சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். உட்பக்கத் தகரத்தின் மேல் ஒட்டியிருக்கிற பாலித்தீன் ஷீட்தான் அந்த ஈரம் டோர் பேடுக்கும் கால்மிதிக்கும் வராமல் தடுக்கிறது. ஸ்பீக்கரின் பின்பக்கம் மட்டும் ஷீட்டுக்கு அந்தப் பக்கம், அதாவது மழைப் பக்கம் இருக்கிறது. ரிங்கும் அங்கேதான்.

டோர் பேடைக் கழற்றியபோது பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரிங்கின் அடிப்பாகம் டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதிப்போய், விளிம்பில் அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. ஒரு ஸ்க்ரூவைத் திருப்புளியே இல்லாமல் இரண்டு விரலால் உருவினேன், ஈரத் தூளோடு வந்தது. பாலித்தீன் ஷீட்டைக் கடைப் பையன்கள் பாதி கிழித்துவிட்டு இரண்டே இடத்தில் ஒட்டியிருந்தார்கள். கால்மிதி ஈரத்துக்குக் காரணம் அது. வயரை ஸ்பீக்கரோடு இணைக்கிற கம்பெனி கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அதைப் பற்றிப் பேசினால் பக்கம் போதாது.

எம்.டி.எஃப்.பையே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. கனமான, அதிர்வை எளிதில் கடத்தாத பலகை. வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளையே அதில்தான் செய்கிறார்கள். வெட்டிய விளிம்பு, ஸ்க்ரூ துளை எல்லாவற்றுக்கும் சேர்த்து ரெசினோ எனாமல் பெயின்ட்டோ இரண்டு மூன்று பூச்சு கொடுத்தால் நிறைய நாள் தாங்கும். எனக்குப் போட்டது பூச்சே இல்லாத வெறும் பலகை. சென்னை மழைக்கு அது பிஸ்கட்.

அடுத்தது ஆன்லைனில் வாங்கிய 3டி பிரிண்ட் ரிங். என் வண்டி மாடலின் பெயரைப் போட்டே விற்றார்கள். 750 ரூபாய். கையில் எடுத்தபோதே மயங்கிவிட்டேன். ஸ்க்ரூ துளைகள் மூன்றும் கதவின் துளைகளோடு மயிரிழை பிசகாமல் பொருந்தின. வயர் போகக்கூட ஒரு சின்னத் தடம் விட்டிருந்தார்கள். 14 மி.மீ. உயரம், அதனால் அந்த 'சர்ர்' ஓசையும் பெருமளவு அடங்கியது. 2024 பொங்கல் லீவில் தெருக்கோடி மெக்கானிக்கை வைத்துப் போட்டோம். ஜனவரியில் இந்த மதிப்புரையை எழுதியிருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன்.

எங்கள் அப்பா மட்டும் அதை விரல் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள காலியா இருக்கேம்மா" என்றார். அப்பா ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் டர்னராக, கடைசல் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் முதலில் தட்டிப் பார்ப்பார். தர்பூசணியிலிருந்து மருமகன் வாங்கிவந்த சோபா வரைக்கும். அவர் சொன்னது சரி. 3டி பிரிண்டில் மேல்தோல்தான் கெட்டி. உள்ளே தேன்கூடு மாதிரி வலைப்பின்னல். பிளாஸ்டிக்கும் நேரமும் மிச்சமாக அப்படி அச்சடிக்கிறார்கள். உள்ளே எவ்வளவு நிரப்ப வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் கெட்டியாகவும் செய்து தருவார்கள். எனக்கு வந்தது அப்படிச் செய்ததில்லை.

கத்திரி வெயிலில் அது வாயைப் பிளந்தது. எங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் நிழல் என்பது மேனேஜர்களுக்கு. என் கறுப்பு வண்டி காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை வெட்டவெளியில், வலது கதவு மேற்கு பார்த்து நிற்கும். மே மாத நடுவில் வலது பக்கத்தில் பேஸ் சுத்தமாகக் காணாமல் போனது. பிரித்துப் பார்த்தால் ரிங் மேலும் கீழும் நெளிந்து, அப்பளம் பொரித்த மாதிரி வளைந்திருந்தது. ஸ்க்ரூ தலைகள் பிளாஸ்டிக்குள் புதைந்துவிட்டன. ரிங்குக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் போய்வருகிற சந்து. விற்றவர்களிடம் என்ன பிளாஸ்டிக் என்று கேட்டு எழுதினேன். பி.எல்.ஏ. என்று பதில் வந்தது. பி.எல்.ஏ.வைச் சோளம், கரும்பு போன்றவற்றின் மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து எடுக்கிறார்கள். அச்சடிக்கச் சுலபம், அதனால் பொம்மை, அலங்காரச் சாமானெல்லாம் அதில்தான் வருகிறது. ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கிவிடும். மே மாதச் சென்னையில் கறுப்புக் கதவுத் தகரத்துக்கு 60 டிகிரி பெரிய விஷயமா? ஏ.பி.எஸ். என்கிற பிளாஸ்டிக்கில் அச்சடித்திருந்தால் 100 டிகிரிக்கு அருகில்வரை தாங்கியிருக்கும். பொருளின் பக்கத்தில் அளவு, நிறம், எடை எல்லாம் போட்டிருந்தார்கள். எந்த பிளாஸ்டிக் என்பதை மட்டும் போடவில்லை. வாங்குகிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அப்போதுதான் அப்பா களத்தில் இறங்கினார். "அளக்காம மூணு தடவை காசு கொடுத்திருக்கே. முதல்ல அளவு சொல்லு" என்று பீரோவிலிருந்து வெர்னியர் பெட்டியை எடுத்தார். மில்லிமீட்டருக்கும் குறைவாக அளக்கிற கருவி அது. உள்ளே பச்சைத் துணி ஒட்டிய மரப்பெட்டி. எங்களைச் சின்ன வயதில் தொடவே விட்டதில்லை.

முதலில் பழைய கம்பெனி ஸ்பீக்கரை அளந்தார். அதன் பிளாஸ்டிக் சட்டம் மட்டும் 20 மி.மீ. உயரம். மேக்னட்டோ என் உள்ளங்கைக் குழிக்குள் அடங்குகிற அளவு. புதிய ஸ்பீக்கர் சட்டத்திலிருந்து மேக்னட்டின் முதுகு வரை 62 மி.மீ. கதவுத் தகரத்திலிருந்து உள்ளே இறங்கி நிற்கிற கண்ணாடி வரை 57. முதல் நாளே ஐந்து மில்லிமீட்டர் கடன். 'டக்' சத்தத்தின் கணக்கு இதுதான்.

ஆனால் கண்ணாடி இறங்கும்போது லேசாக ஆடும், நேர்கோட்டிலும் இறங்காது. மேடு பள்ளத்தில் வண்டி குலுங்கினால் இன்னும் கொஞ்சம் சாயும். அதை வெர்னியரால் பிடிக்க முடியவில்லை. அப்பா யோசித்துவிட்டு, "சப்பாத்தி மாவு இருக்கா?" என்றார். இருந்தது, காலை டிபனுக்குப் பிசைந்தது. எலுமிச்சை அளவு உருண்டை ஒன்றை மேக்னட்டின் முதுகில் அப்பி, மாவு கண்ணாடியில் ஒட்டாமலிருக்க மேலே கொஞ்சம் எண்ணெய் தடவினோம். மெக்கானிக் மீதம் விட்டுப்போன பலகைத் துண்டுகளை முட்டுக்கொடுத்து ஸ்பீக்கரை 12 மி.மீ. தள்ளிக் கதவில் பிடித்துக்கொண்டேன். அப்பா கண்ணாடியை மெதுவாக இறக்கினார், ஏற்றினார், ஒரு தடவை கதவைப் படாரென்று சாத்தினார். வெளியே எடுத்தால் மாவின் மேல் கண்ணாடி வழித்துக்கொண்டு போன தடம். மீதமிருந்த மாவின் கனம்தான் மேக்னட்டுக்கும் கண்ணாடிக்கும் உள்ள உண்மையான இடைவெளி. கத்தியால் நறுக்கி அளந்தோம்: கணக்குப்படி 7 மி.மீ. இருக்க வேண்டும், மாவில் ஆறு சொச்சம் வந்தது. மாவு கொஞ்சம் தளர்வாக இருந்ததால் வழிந்துவிட்டது என்று அப்பாவுக்கு அதிலும் குறை. என் கணவர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "மத்தியானத்துக்கு ஓட்டல்ல சொல்லிடவா?" என்றார்.

பின்பக்கம் இப்படி. முன்பக்கத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. டோர் பேடில் இருக்கிற கிரில் ஸ்பீக்கருக்கு முன்னால் எவ்வளவு தள்ளி நிற்கிறது? எங்கள் வண்டியில் தகரத்திலிருந்து கிரில்லின் உள்முதுகு வரை 31 மி.மீ. கோஆக்சியல் ஸ்பீக்கரின் நடுவில் ட்வீட்டர், அதாவது மேல்சுரத்துக்கான குட்டி ஸ்பீக்கர், குமிழ் மாதிரி எழும்பி நிற்கும். என்னுடையதில் சட்டத்தின் அடியிலிருந்து ட்வீட்டர் உச்சி வரை 11 மி.மீ. கடையில் போட்ட எம்.டி.எஃப். ரிங்கின் கனம் 18. பதினெட்டும் பதினொன்றும் இருபத்தொன்பது. மிச்சம் இரண்டே மில்லிமீட்டர். நடுவில் வைத்த ஸ்பாஞ்ச் அதையும் தின்றுவிட்டது. பேஸ் அடிக்கும்போது ஸ்பீக்கர் முழுவதும் அதிர்ந்து ட்வீட்டர் கிரில்லில் உரசியது. பனையோலைச் சத்தம் அங்கிருந்து வந்திருக்கிறது! நான் ஒரு வருஷம் ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆக, ரிங் ஒல்லியாக இருந்தால் பின்னால் கண்ணாடி, கனமாக இருந்தால் முன்னால் கிரில். எங்களுக்குக் கிடைத்த நடுவழி 12 மி.மீ.

எதில் செய்வது? அப்பா சமையலறைக்குள் போய், காய் நறுக்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகையை எடுத்துவந்து தட்டினார். "இதான்." அந்தப் பலகைகள் பெரும்பாலும் எச்.டி.பி.இ. தண்ணீர் குடிக்காது, மக்காது, உருக 130 டிகிரி ஆக வேண்டும், தட்டினால் மந்தமாக 'தொப்' என்கிறது. அதே ரகத்தில் 12 மி.மீ. ஷீட் விற்கிறார்கள். ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு சி.என்.சி. ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டுகிற மெஷின்) பட்டறைக்குப் போனோம். பூஜை அறைக் கதவுக்கு ஓம், மயில், மாங்காய் டிசைன் வெட்டுகிற இடம். நடுவில் என் இரண்டு வளையம். மெஷின் ஓடும்போது வெள்ளைச் சுருள்கள் துருவிய தேங்காய் மாதிரி குவிந்தன. வெளிவிட்டம் 170, உள்விட்டம் 130. பட்டறைக்காரர் அப்பாவின் பென்சில் படத்தைப் பார்த்ததும் "ஐயா ரயில்வேயா?" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை. ஷீட், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 600 ரூபாய் ஆயிற்று.

இதிலும் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். எச்.டி.பி.இ.யில் எந்தப் பசையும் ஒழுங்காக ஒட்டாது. வீட்டில் இருந்த ஃபெவி பசை ரகங்கள் எல்லாம் உலர்ந்ததும் சட்டை மாதிரி உரிந்து வந்தன. ஸ்க்ரூவை நேராக அதில் முறுக்கினாலும் நாளாக ஆகப் பிடி தளரும். "பிளாஸ்டிக்ல மரை நிக்காதும்மா" என்று அப்பா வேறு வழி செய்தார். ரிங்கைக் கதவோடு பிடிக்க மூன்று எம்5 போல்ட், தலை பதிந்து உட்காரும்படி கவுண்டர்சிங்க் போட்டு. ஸ்பீக்கருக்கு நாலு எம்4 போல்ட்டைப் பின்பக்கத்திலிருந்து முன்னாலேயே செருகிவிட்டார், முன்பக்கம் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரை அதில் மாட்டி நைலாக் நட் முறுக்கினால் ஆயிற்று. அதிர்வில் தளராத நட் அது, உள்ளே நைலான் வளையம் இருக்கும்.

பிறகு சந்து அடைக்கிற வேலை. என்னைக் கேட்டால் ரிங்கைவிட இதுதான் முக்கியம். ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது முன்பக்கக் காற்றைத் தள்ளுகிறது, அதே நொடியில் பின்பக்கக் காற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே சந்து இருந்தால், தள்ளிய காற்று ஓரமாகச் சுற்றிப்போய் இழுத்த இடத்தை நிரப்பிவிடும். தாழ்ந்த ஓசைகள்தான் இதில் அதிகம் அடிபடும். கீறல் விழுந்த கடத்தைத் தட்டினால் 'தொம்' வராமல் 'டொக்' என்றுதானே வரும்? மே மாதத்தில் என் பேஸ் போன வழியும் அதுவே. எனவே தகரத்துக்கும் ரிங்குக்கும் நடுவே பியூட்டைல் டேப். சூயிங்கம் மாதிரி கறுப்பாக இருக்கும், எச்.டி.பி.இ.யோடும் ஓரளவு ஒட்டிக்கொள்கிறது, எப்படியும் போல்ட் அழுத்திப் பிடிக்கும். ரிங்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தண்ணீர் உறிஞ்சாத கெட்டி ஃபோம். கடைகளில் சாதா ஸ்பாஞ்சையும் ஃபோம் என்றுதான் தருகிறார்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்து பாருங்கள், தண்ணீர் சொட்டினால் வேண்டாம். கடைசியாக ஸ்பீக்கரின் முன்விளிம்பில் கிரில் வரை இன்னொரு ஃபோம் வளையம். எட்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது அல்லவா, அதை அடைக்காவிட்டால் பாதிச் சத்தம் டோர் பேடுக்குள்ளேயே தங்கிவிடும். ஃபோமும் புதுக் கப்ளரும் வண்டிச் சாமான் கடைகள் நிறைந்த ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வாங்கினேன். அங்கே யாரும் சார் வரலையா என்று கேட்கவில்லை.

மூடுவதற்கு முன்னால் அப்பா ஒரு பென் டார்ச் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் வயர் முனைகளில் தொட்டார். ஒன்றரை வோல்ட்தான். பிளஸ்ஸில் பிளஸ் தொட்டால் கோன் வெளியே எழும்ப வேண்டும். இடது பக்கம் எழும்பியது, வலது பக்கம் உள்ளே போனது. கடையில் வயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ஸ்பீக்கர் தள்ள, இன்னொன்று இழுக்க, நடுவில் நான். அதையும் திருத்தினோம்.

2024 ஜூனில் மாட்டியது. முதல் நாள் சாயங்காலம் கிண்டியிலிருந்து திரும்பும்போது எண்பதுகளின் பாட்டு ஒன்று. பல வருஷமாகக் கேட்டு வருகிற பாட்டு. இரண்டாவது சரணத்தில் பேஸ் கிடார் குரலோடு சேராமல் தனியாக ஏறி இறங்குகிறது என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன். வடபழனி சிக்னல் பச்சையானது தெரியாமல் பின்னால் நின்ற ஆட்டோக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்பாவுக்கு நாதஸ்வரக் கச்சேரி போட்டுக் காட்டினேன். தவிலின் வலந்தலையில் விரல்கூடு விழுகிற அடியும் இடந்தலையில் குச்சி விழுகிற அடியும் தனித்தனியாகக் கேட்டன. "இப்ப தோல் சத்தம் கேக்குது" என்றார். சத்தத்தின் அளவு கூடிவிடவில்லை. முன்பு 22இல் வைத்துக் கேட்டதை இப்போது 15இல் வைத்துக் கேட்கிறேன். கதவுப் பையில் கிடந்த ஹேர்ப்பின் ஒன்று புதிதாக அதிர ஆரம்பித்தது, அதை எடுத்துப் போட்டேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டு விஷயம். சில வண்டிகளில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான காற்றழுத்த சென்சாரை முன்கதவுக்குள் வைத்திருப்பார்கள். மோதலில் கதவு நசுங்கும்போது உள்ளே காற்றழுத்தம் எகிறுவதை வைத்து அது வேலை செய்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் புதிதாக ஓட்டை போடுவதோ, இருக்கிற ஓட்டைகளை எல்லாம் அடைப்பதோ விளையாட்டு இல்லை. சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுத் தொடுங்கள். இன்னொன்று, ஸ்பீக்கரின் பின்னால் மாட்டுகிற ஃபோம் கிண்ணம். மழைக்கு நல்ல தடுப்புதான், ஆனால் முழுதாக மூடினால் ஸ்பீக்கருக்கு மூச்சு முட்டிப் பேஸ் செத்துவிடும். நான் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு மேல்பாதியை மட்டும் குடை மாதிரி விட்டிருக்கிறேன்.

எம்.டி.எஃப். ஐந்துக்கு ஒன்று, பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தால் மூன்று. 3டி பிரிண்டுக்கு இரண்டு, அதுவும் அந்தத் துளைகளின் துல்லியத்துக்காக. எச்.டி.பி.இ.க்கு நாலரை. பாதி மார்க் பசைக்காகக் கழித்தது. இந்த மூன்றையும் வாங்கியதில் மொத்தம் 1,750 ரூபாய். முதலிலேயே அளந்திருந்தால் 600 ரூபாயில் முடிந்திருக்கும்.

போன வாரம் பிரித்துப் பார்த்தோம். ஜூனுக்குப் பிறகு இரண்டு வடகிழக்குப் பருவமழையும் ஒரு முழுக் கோடையும் தாண்டியிருக்கிறது. ரிங்கில் ஒரு நெளிவு இல்லை, வெர்னியரில் அதே 12. போல்ட் தலைகளில் மட்டும் துரு ஏறியிருந்தது. "எஸ்.எஸ். போல்ட் வாங்குன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை, ஆனால் வாதாடவில்லை, மாற்றிவிட்டோம்.

பின்கதவு இரண்டிலும் இன்னும் கம்பெனி ஸ்பீக்கர்தான் இருக்கிறது. அப்பா நேற்று வெர்னியர் பெட்டியைத் துடைத்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மாவைக் கொஞ்சம் கெட்டியாகப் பிசையச் சொன்னார்.